அரைமூட்டைக்கு ஓர் அடிக்குறிப்பு

“அலோ… அலோ, ஜெகனு?… நான்தான்டா. இன்னா சத்தம் அங்க?… கண்டெய்னர் லாரியா? கொஞ்சம் தள்ளி நில்லு… தள்ளிட்டியா?… ஒண்ணும் ஆவல, ஊட்ல எல்லாரும் நல்லாக்கீறாங்க. நான்தான் நல்லா இல்ல… ஜொரம்லாம் இல்லடா. என் மானம் பொன்னேரி பிரஸ்ல இருந்து கெளம்பி வண்டி ஏறி ஊருக்கு வந்துகினு கீது… மலருடா. கும்பாபிஷேக மலரு… ஆமா. ஆமா, நீ சொல்லிக்குடுத்தியே, அதே வேலைதான். சின்னதா ஒரு பேரு வெய்யி, சின்னதா ஒரு பேரு வெய்யின்னு உசுர எடுத்தியே. வெச்சேன். அது அப்பிடியே புரூஃப் தாள்ல அச்சாயிப் போச்சி.”

இளமதி ஒரு கையில் ஃபோனும் இன்னொரு கையில் ஜன்னல் கம்பியுமாக நின்றிருந்தாள். பள்ளிக்கூடத்தில் ‘என்ன’ என்று சுத்தமாகப் பேசுகிற டீச்சர்தான். தம்பியோடு பேசும்போது மட்டும் ‘இன்னா’ வந்துவிடும். கம்பியை ஏன் பிடித்திருந்தாள் என்றால், அங்கிருந்துதான் தெரு முழுக்கத் தெரியும். விழாக் குழுத் தலைவர் பூவராகவன் எந்த நேரமும் தன் டி.வி.எஸ். வண்டியில் அந்தத் தெருவுக்குள் திரும்பலாம். அந்த முனையில் அவள் தம்பி ஜெகன், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறவன், சாப்பாட்டு இடைவேளைக்குக் கேட்டுக்கு வெளியே வந்திருந்தான். அக்காவின் குரலைக் கேட்டு அவன் சோற்றில் வைத்த கையை எடுத்தானோ இல்லையோ, நமக்குத் தெரியாது.

தாங்கல்பாக்கத்துப் பொன்னியம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வைத்திருந்தார்கள். கும்பாபிஷேகம் என்றால் மலர் போட வேண்டும். மலர் என்றால் கோயில் வரலாறு வேண்டும். வரலாறு என்றால் எம்.ஏ. வரலாறு படித்த நம்ம அன்புசெல்வன் பெண்டாட்டி இருக்கிறாளே என்று குழு ஒரே பேச்சில் முடித்துவிட்டது. இளமதிக்கு உள்ளூர அவ்வளவு சந்தோஷம். ஆரணியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து இத்தனை வருஷத்தில் ஊர் அவளிடம் கேட்டு வாங்கிய முதல் காரியம் அதுதான்.

ஆனால் வரலாறு எழுதுவது ஒன்றும் பிரமாதமில்லை, அதில் விட்டுப்போனவர்களுக்குப் பதில் சொல்வதுதான் பெரும்பாடு. கோயில் டியூப்லைட்டில் உபயம் என்று பெயரை எழுதி எழுதி, கடைசியில் வெளிச்சமே வெளியே வராமல் நிற்குமே, இளமதியின் வரலாறும் அந்தக் கதிக்குத்தான் வந்தது. எங்க தாத்தா செங்கல் சுமந்தார், எங்க பெரியப்பா மணிக்குக் கயிறு வாங்கிக் கொடுத்தார் என்று வீட்டுக்கு ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். எவரையும் விட முடியாது, எல்லோரையும் கதைக்குள் திணிக்கவும் முடியாது. அடிக்குறிப்பில் போட்டாள். குறிப்பு வளர்ந்தது. கதை ஒரு முழம், குறிப்பு ஒன்பது முழம் என்று ஆகிவிட்டது.

வீட்டு லேப்டாப் கிழடு. அதில் பெரிய மென்பொருள் எதையும் ஏற்றினால் மூச்சு வாங்கும் என்று, ஜெகன் தான் கம்பெனியில் வேலைக்குறிப்பு எழுதுகிற சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரைப் போட்டுக் கொடுத்திருந்தான். அதில் அடிக்குறிப்பு பக்கத்தின் அடிக்குப் போகாது. எழுதுகிற இடத்திலேயே, வாக்கியத்தின் நட்டநடுவில், அடைப்புக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். ‘கோயில் கட்ட நெல்’ என்று ஒரு வாக்கியம் தொடங்கினால், நடுவில் ஒரு பக்கத்துக்குக் குறிப்பு ஓடி, அதற்கப்புறம் ‘கொடுத்தார்’ என்று முடியும். யார் கொடுத்தார், எதைக் கொடுத்தார் என்பது அதற்குள் எழுதியவளுக்கே மறந்துவிடும். மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தால், அடுத்து என்ன எழுத நினைத்தோம் என்பது மறந்துவிடும்.

அவள் புலம்பல் தாங்காமல் ஜெகன் முதலில் குறிப்புகளை மட்டும் மங்கல் சாம்பல் நிறத்தில் தெரியும்படி செய்தான். ஒளித்து வைத்த பலகாரத்தில்தானே பிள்ளைகளுக்குக் கண். இளமதிக்கும் கண் அங்கேயே போயிற்று. அப்புறம் குறிப்பு எத்தனை நீளமானாலும் மடித்து ஒற்றை வரியாகக் காட்டச் செய்தான். இது ஏதோ தேவையில்லாத வரி என்று அவள் ஒன்றை அழித்தாள், உள்ளே மடிந்து கிடந்த ஒரு வம்சமே காணாமல் போயிற்று. அதைத் திருப்பிக் கொண்டுவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கடைசியில்தான் தன் தொழிற்சாலை வழக்கத்தைச் சொன்னான். அங்கே ஒவ்வொரு வால்விலும் ஒரு சின்னத் தகடு தொங்குமாம், அதில் குட்டியாக ஒரு பெயர். அது எதற்கான வால்வு, எப்போது மாற்றினார்கள் என்கிற புராணமெல்லாம் ஆபீஸ் ஃபைலில் கிடக்கும். நீயும் அப்படியே செய் என்றான். வாக்கியத்துக்குள் அடைப்புக்குறி போட்டுக் குட்டியாக ஒரு பெயர், முழுக் குறிப்பும் கடைசிப் பக்கத்தில். எண் போடாதே, பத்தியை முன்னே பின்னே நகர்த்தினால் எண் குழம்பும். மனசில் சட்டென்று வருகிற பெயராக வை. எல்லாம் முடிந்ததும் ஒரு பட்டனை அமுக்கினால் பெயரெல்லாம் தானே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணாகிவிடும், வெளியே யாருக்கும் தெரியாது.

யோசனை நல்ல யோசனைதான், குறை சொல்வதற்கில்லை. இளமதி முதல்தடவையாகத் தான் எழுதியதைத் தடுக்கி விழாமல் படித்தாள். ஆனால் தாங்கல்பாக்கத்தில் குடியிருக்கிறவளுக்கு மனசில் சட்டென்று என்ன பெயர் வரும்?

“படிக்கிறேன் கேளு. ரேடியோ… ஆமா, அந்தக் கடைசி ஊடு. தந்தி. பம்ப்செட்டு. பத்துமணி பஸ்ஸு… அவங்க ஊட்ல எவனும் எங்கயும் நேரத்துக்குப் போனதில்ல, அதான்… சிரிக்காதடா. ஜெகனு, சிரிச்சின்னா ஃபோன வெச்சிருவேன்… இல்ல, இன்னும் கீது. நான் சொல்ல மாட்டேன்… ஊரே கூப்புடுதுடா, நானா கண்டுபுடிச்சேன்? பேரு வெய்யின்ன, மனசுல வந்துச்சி, வெச்சேன்.”

ரேஷன் கார்டில் இருக்கிற பெயரை வைத்துக்கொண்டு அந்த ஊரில் யாரையும் கண்டுபிடிக்க முடியாது. வீட்டுக்கு வீடு ஒரு பட்டப்பெயர் உண்டு. தாத்தாவுக்கு வைத்தது பேரன் வரைக்கும் இறங்கி வரும், வயலும் வரப்பும் வருகிற மாதிரி. முகத்துக்கு நேரே மட்டும் யாரும் சொல்லிவிட மாட்டார்கள். கம்பம் ஏற வந்த மின்வாரியத்து ஆளுக்குக்கூட வந்த வாரமே ஒன்று வைத்துவிட்டார்கள். இளமதிக்குத்தான் வைக்கவில்லை. நேரில் டீச்சர். பின்னால் என்ன என்று ஒருமுறை பக்கத்து வீட்டு ஈஸ்வரியிடம் விளையாட்டாகக் கேட்டாள். ஈஸ்வரி நெடுநேரம் யோசித்துவிட்டு, உனக்கு ஒன்றும் இல்லையே, அன்பு பெண்டாட்டி என்றுதான் சொல்வோம் என்றாள். பந்தியில் தன் இலையை மட்டும் தாண்டிப் போன மாதிரி இருந்தது இளமதிக்கு. சிரித்து மழுப்பிவிட்டாள், ஆனால் மறக்கவில்லை.

“பட்டனா?… அமுக்கல. அமுக்கலடா, அதத்தான சொல்லிக்கினு கீறேன். காலிலருந்து கரண்ட் இல்ல, லேப்டாப்பு செவப்பு காட்டுது. பிரஸ்கார ஆசீர்வாதம் அண்ணன் ஒரு பக்கம், இப்ப அனுப்பினாத்தான் ஆச்சி, இல்லன்னா கும்பாபிஷேகம் முடிஞ்சி அப்பால வந்து வாங்கிக்கன்றாரு. கைல வந்த ஃபைல அனுப்பிச்சிட்டேன்… பேரு கீற ஃபைலுதான்… அவருக்கு இன்னா தெரியும். அங்க கிறிஸ்டினான்னு ஒரு பொண்ணு, அதுதான் பக்கம் கட்டுது. அது ஊரு மீஞ்சூரு. இதெல்லாம் ஊரு பெரியவங்களுக்குக் குடுத்த பட்டம் போலன்னு நெனச்சிக்கினு, அடைப்புக்குறிய எடுத்துட்டு, எல்லாத்தையும் தடி எழுத்துல போட்டு வெச்சிகீது… ஆமாண்டா, போல்டுல. ‘திரு பம்ப்செட்டு’ன்னு போட்டுகீது. மரியாதையா.”

இளமதி ஃபோனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். அந்த முனையில் சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தாள். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும், ‘திரு பம்ப்செட்டு’ என்று தன் வாயால் சொன்னபோது அவளுக்கே உதட்டோரம் துடித்தது. அந்தத் துடிப்பு பூவராகவன் ஞாபகம் வந்ததும் நின்றது.

“சிரிச்சி முடிச்சியா?… இப்ப கேளு. அந்தப் புரூஃப் தாளு பூவராகவன் மாமா கைல கீது… நோட்டீஸ் கட்டு வாங்க பிரஸுக்குப் போயிகீறாரு. ஆசீர்வாதம் அண்ணன், தலைவரே வந்துட்டாரேன்னு பெருமையா கைல குடுத்துட்டாராம். எனுக்கே ஃபோன் பண்ணி சொல்றாரு… நின்னபடியே முழுசும் படிச்சாராம். ஒண்ணும் சொல்லலியாம். மடிச்சி சட்டைப் பையில வெச்சிக்கினு வண்டிய எடுத்துட்டாராம்… திட்டியிருந்தா பரவால்லடா. ஒண்ணும் சொல்லாத போறாரே, அதான் பேஜாரா கீது.”

பூவராகவனை அறிந்தவர்களுக்கு அந்தப் பயம் புரியும். முந்தின திருவிழாவில் பேனரில் தன் பெயர் இரண்டாவதாக வந்துவிட்டது என்று அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார், தீமிதி அந்த வருஷம் நின்றே போயிற்று. பேனரில் வரிசை மாறியதற்கே அப்படி என்றால் இதற்கு என்ன செய்வார்? மலரை நிறுத்துவார். மலர் நின்றால், டீச்சர் ஊரையே கேலி பண்ணி எழுதிவிட்டாள் என்பதுதான் நிற்கும். அன்புசெல்வன் தினம் காலையில் இந்த ஊர் ஆட்களோடுதான் கம்பெனி பஸ்ஸில் போகிறான். அவர்கள் அவன் பக்கத்தில் உட்காரமாட்டார்கள். அவளுக்கு வைக்கப்போகிற பெயர் என்னவாக இருக்கும் என்பதை நினைக்காமலிருக்க இளமதி மறுபடி தெருவை எட்டிப் பார்த்தாள்.

“அவருதா?… அவரு பேரு இன்னான்னா… கிட்ட யாராச்சும் கீறாங்களா?… அரமூட்டை.”

சொல்லும்போதே ஜன்னலிலிருந்து ஓர் அடி பின்னால் வந்துவிட்டாள். பூவராகவனின் தாத்தா, கோயில் கட்டத் தொடங்கிய காலத்தில், ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று நெல் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவர். அந்தக் காலத்தில் அவர்கள் வயல்தான் பெரிய வயல். வண்டி கட்டிக்கொண்டு வருவார் என்று எல்லோரும் பார்த்திருக்க, மனுஷன் அரைமூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து இறக்கிவிட்டுப் பேசாமல் போனாராம். அன்றைக்கு விழுந்த பெயர். தாத்தா போனார், அப்பா போனார், பெயர் போகவில்லை. ஆனால் பூவராகவன் காதில் விழும்படி அதைச் சொன்ன ஆண்பிள்ளை அந்த ஊரில் இதுவரை கிடையாது. இன்றைக்கு அது தடித்த எழுத்தில், ‘திரு’ சேர்த்து, அவர் சட்டைப்பையில் இருக்கிறது.

“எங்க ஊட்டுக்காரருக்கு ஃபோன் போடலாம்னா அவரு ஷிஃப்டுல கீறாரு, ஃபோனு லாக்கர்ல… உன் கேட்டுல இருந்து அவரு கேட்டு கிட்டதான?… உள்ள வுட மாட்டாங்களா. சரி வுடு… இன்னா?… கரண்ட் வந்துச்சி, இப்பதான் வந்துச்சி. சரி, தொறக்கறேன். லைன்லயே இரு… தொறந்துட்டேன்… எந்த மூலைல?… மேல வலப்பக்கம். ஆமா, கீது… அமுக்கிட்டேன்.”

திரையில் ஊர் ஒரு நொடியில் மறைந்தது. ரேடியோ ஒன்று ஆயிற்று, தந்தி இரண்டு, பம்ப்செட்டு மூன்று. அவரவர் தாத்தாவும் பெரியப்பாவும் பக்கத்தின் அடியில் போய் அடக்கமாக உட்கார்ந்துகொண்டார்கள். இவ்வளவு சுலபமான வேலையையா செய்யாமல் விட்டோம் என்று இளமதிக்கு அழுகை வந்தது. புது ஃபைலை கிறிஸ்டினாவுக்கு அனுப்பிவிட்டு, பழசைத் தூக்கிப் போடு கண்ணு என்று ஒரு செய்தியும் தட்டினாள்.

“அனுப்பிச்சிட்டேன்டா… இன்னா சரியாப் போச்சி? பிரஸ்ல கீறத மாத்தியாச்சி. அவரு பையில கீறத எந்தப் பட்டன அமுக்கி மாத்தறது?… மிஷினு பண்ணதுன்னு சொல்லவா? சொன்னா நம்புவாரா? அரமூட்டைன்னு மிஷினுக்கு யாரு சொல்லிக்குடுத்ததுன்னு கேப்பாரே… உன் பேரா? சொல்வேன், நல்லா சொல்வேன். இந்த யோசனையெல்லாம் எங்க தம்பிதுன்னு… ஐயோ. ஜெகனு. வண்டி சத்தம். வந்துட்டாரு. வெக்காத. நீ ஒண்ணும் பேசாத, லைன்லயே இரு.”

ஃபோனை அணைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். பூவராகவன் வண்டியை நிறுத்திவிட்டு, ஹேண்டில்பாரில் தொங்கிய நோட்டீஸ் கட்டை எடுக்காமலேயே உள்ளே வந்தார்.

“வாங்க மாமா. உக்காருங்க… தண்ணி குடிங்க மாமா, வெயில்ல வந்துகீறீங்க… ஆமா மாமா… ஆமா.”

அவர் உட்காரவில்லை. தண்ணீரையும் வாங்கவில்லை. சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து விரித்து, அந்தத் தடித்த எழுத்தின் அடியில் விரலை வைத்து, இது யார் எழுதியது என்று கேட்டார். இளமதியிடம் பதில்கள் நிறையத் தயாராக இருந்தன. கரண்ட் இருந்தது, லேப்டாப் இருந்தது, கிறிஸ்டினா இருந்தாள், ஃபோனில் மூச்சுவிடாமல் ஒரு தம்பியும் இருந்தான். அவர் முகத்தைப் பார்த்ததும் அதில் எதையும் எடுத்து நீட்ட அவளுக்கு மனசு வரவில்லை.

“நான்தான் மாமா எழுதனேன்… இல்ல, வேற யாரும் சொல்லல… ஊருல சொல்றதுதான். எல்லாருந்தான் சொல்றாங்க… தப்புதான் மாமா. அச்சுல வரக்கூடாதுதான்… இன்னா மாமா?… எனுக்குத் தெரிஞ்சது, அரமூட்ட நெல்லு குடுத்தாருன்றதுதான்… அப்பிடியா?… எந்த வருசம் மாமா அது?… மெய்யாலுமா?… இருங்க. இருங்க மாமா, ஒரு நிமிசம். நீங்க இப்ப உக்காருங்க. இத்த எழுதிக்கிறேன்.”

லேப்டாப்பை வாசலுக்கே தூக்கிக்கொண்டு வந்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் பூவராகவன் உட்கார்ந்தார். அவர் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். ஃபோன் அவள் பக்கத்தில் தரையில் கிடந்தது, அந்த முனையில் சோறு ஆறிக்கொண்டிருந்திருக்கும். வெகுநேரம் கழித்து அவர் தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு எழுந்தார்.

“சரிங்க மாமா… சரி, அப்பிடியே வெக்கிறேன்… நீளமா ஆனா பரவால்லியா?… சரிங்க. போயிட்டு வாங்க… அலோ. ஜெகனு, கீறியா?… கேட்டியா?… பாதி கேக்கலியா. இரு, உள்ள வந்துட்டு சொல்றேன்… அந்த வருசம் ஏரி ஒடஞ்சிச்சாண்டா. கதிரு முத்தற நேரத்துல. வயலு மொத்தமும் மண்ணு ஏறிப் போச்சி. அவ்ளோ பெரிய வயல்ல தாத்தாவுக்குத் தேறனது ஒரே மூட்டை… ஒண்ணே ஒண்ணு. குடுக்கறேன்னு சொன்ன வாக்கு கீதே. பாதிய புள்ளைங்களுக்குன்னு ஊட்டுப் பானைல கொட்டிட்டு, பாதிய தலைல வெச்சிக்கினு போயிகீறாரு. தலைல கீறத ஊரு பாத்துச்சி. ஊட்ல மீதி எவ்ளோ இருந்துச்சின்னு யாரு பாத்தா?”

அவர் கடைசியில் சொன்னது ஒன்று, அதைத் தம்பியிடம் எப்படிச் சொல்வது என்று இளமதி கொஞ்சம் தயங்கினாள்.

“நான் கேட்டேண்டா, இத்தினி நாளு ஏன் மாமா சொல்லலன்னு… எவனாச்சும் என் மூஞ்சிக்கு நேரா அந்தப் பேர சொன்னாத்தானம்மா நான் பதில் சொல்ல முடியும்ன்றாரு. சின்ன வயசுலருந்து காத்துக்கினு இருந்தாராம். பேசிக்கினே வருவாங்களாம், இவரு தலையப் பாத்தா வாய மூடிக்குவாங்களாம். இன்னிக்கித்தான் நேராப் படிச்சேன்னாரு… அழுவல. துண்டால தொடச்சிக்கினாரு. வேர்வன்னாரு… ஆமாண்டா. நானும் வேர்வன்னுதான் சொன்னேன்.”

ஜெகன் என்ன சொன்னானோ, இளமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பூவராகவன் அந்தப் பெயரை எடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தடித்த எழுத்திலேயே இருக்கட்டும், ‘திரு’ மட்டும் வேண்டாம், தாத்தா அதெல்லாம் போட்டுக்கொண்டவர் இல்லை. அடியில் நடந்ததை நடந்தபடி, வெட்டாமல் போட வேண்டும். மற்ற வீட்டுப் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே விடமாட்டேன் என்றும் வாக்குக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, பத்துமணி பஸ்ஸைப் படித்தபோது பிரஸ்ஸில் வாயைத் திறந்தால் சிரித்துவிடுவேன் என்றுதான் பேசாமல் வந்துவிட்டேன் என்றும் சொன்னார்.

“நீளமா?… கேக்காத. ஒன்றர பக்கம் வந்துகீது, அடிக்குறிப்பு மட்டும்… கொறைக்க மாட்டேன். போடா, நீ சொன்னாலும் கொறைக்க மாட்டேன். எனுக்கு இப்ப இடைஞ்சலா இல்ல. அது கீழ தன் இடத்துல உக்காந்துக்கினு கீது, வேணுன்றவங்க குனிஞ்சி படிச்சிக்கட்டும்… சரி, அந்த ஒரு பேரு மட்டும் நம்பரா மாறாம இருக்க இன்னா பண்றது?… அடைப்புக்குறி இல்லாம, வாக்கியத்துல சேத்தே எழுதிடணுமா? அவ்ளோதானா?… சரி. ஒரே வார்த்ததான. இரு, எழுதிடறேன்.”

எழுதினாள். ‘கோயில் கட்ட அரைமூட்டை நெல் கொடுத்தார்.’ படித்துப் பார்த்தாள். தடுக்கவில்லை.

தெருவில் பூவராகவனின் வண்டி இன்னும் போகவில்லை, வீட்டுக்கு வீடு நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு வீடு தள்ளி, குழாயடிக்குக் குடத்தோடு கிளம்பிய ஈஸ்வரி அவரை நிறுத்தி, வேகாத வெயிலில் எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்று விசாரித்தாள். அவர் வண்டியை உதைத்துக்கொண்டே, இளமதியின் வீட்டுப் பக்கம் தலையை ஆட்டி ஏதோ சொன்னார். ஈஸ்வரி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். ஜன்னலுக்கு உள்ளே ஒருத்தி நிற்கிறாள் என்பது இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

“ஜெகனு… கேளேன்… சைரனா? ஒரு நிமிசம்டா, இத்த மட்டும் கேட்டுட்டு போ… ஈஸ்வரிக்கா கேட்டுச்சிடா, எங்கிருந்து வரீங்கன்னு. அவரு இன்னா சொன்னாரு தெரியுமா?… ‘அடிக்குறிப்பு ஊட்ல இருந்து வரேன்’னாரு… நம்ம ஊட்டடா. எனுக்குத்தான். வெச்சிட்டாங்கடா ஜெகனு, எனுக்கும் வெச்சிட்டாங்க… சிரிக்கல, மெய்யாலுமே… அலோ?… இன்னா, கேட்டுச்சா? அடிக்குறிப்பு. புள்ளைக்கும் அதான் வரும், பேரனுக்கும்… அலோ… ஜெகனு… அலோ…”

ஃபோனை லாக்கரில் வைத்துவிட்டு அவன் உள்ளே போயிருந்தான். இளமதி அதைக் காதிலிருந்து எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் காலிக் குடம் ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு குழாயடிக்குக் கிளம்பினாள். வீட்டில் தண்ணீர் நிறைய இருந்தது.